குஸ்கோவும் கங்கைகொண்ட சோழபுரமும்

நம் ஆலத்தியூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கடற்சிப்பிகளின் படிவங்கள் தென்படுகின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குக் கடல் அலை புரண்டது என்பதற்கு அவையே சான்று. நாம் நிற்கும் தரைக்கு அடியில் வேறொரு காலம் உறங்குகிறது என்னும் இவ்வுண்மை மாந்தர் வரலாற்றுக்கும் பொருந்தும்.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குச் சுற்றுலா செல்வோர் மலைமேல் உள்ள மச்சு பிச்சுவையும், ஸ்பானியர் எழுப்பிய நகரங்களையும், பசிபிக் கடற்கரையையும் கண்டு மகிழ்வர். அந்நாட்டின் குஸ்கோ நகரம் இன்காப் பேரரசின் தலைநகராய் விளங்கியது. 1533-ல் ஸ்பானியர் அதனைக் கைப்பற்றினர். நகருக்கு மேலே நின்ற சக்சய்வாமான் கோட்டையின் கற்களைப் பெயர்த்து வீடுகளும் ஆலயங்களும் கட்டினர். கொரிகாஞ்சா என்னும் கதிரவன் கோயிலின் சுவர்கள்மேல் புனித சாமிநாதர் சபையின் மடமும் ஆலயமும் எழுந்தன. 1950-ல் நிலம் நடுங்கியபோது மேலே கட்டியவை பெரிதும் இடிந்தன. சாந்தின்றிப் பொருத்திய இன்காச் சுவர்களோ நிலைத்து நின்றன.

இதனை எங்கோ நிகழ்ந்த செய்தி என எண்ண வேண்டா. நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன் நிறுவி, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராய் இருந்த ஊர். இன்று அங்கே ஓங்கி நிற்பது கோயில் ஒன்றே. அரண்மனை, மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாய்க் கிடக்கிறது. கோயில் மதிலின் கற்களை 1836-ல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தில் கீழணை கட்ட எடுத்துச் சென்றனர். அணைநீரால் வயல்கள் விளைகின்றன. ஆனால் மதிலை நினைப்பார் சிலரே.

திருச்சபை பெருவில் விட்டுச் சென்றது கட்டடங்களை மட்டும் அன்று. 1582-83-ல் கூடிய மூன்றாம் லீமா திருச்சங்கம், கெச்சுவா, ஐமாரா ஆகிய அம்மக்களின் மொழிகளிலும் மறைக்கல்வி நூலை ஆக்கித் தந்தது. 1584-ல் லீமாவில் அச்சேறிய அதுவே தென் அமெரிக்காவில் அச்சான முதல் நூல். அதற்கு ஆறாண்டு முன்னரே, 1578-ல், அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழில் அச்சாகியிருந்தது.

அவ்வழியில் வந்தவரே வீரமாமுனிவர் (1680-1747). ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் எனப் போற்றிக் கலம்பகம் பாடினார். கலம்பகம் தமிழ் முன்னோர் வகுத்த இலக்கிய வகை. இத்தாலியில் பிறந்த அவர் அதனைப் பெயர்த்தெடுக்கவில்லை, அதற்குள் குடிபுகுந்தார். கல்லைப் பறித்துக் கட்டுவதற்கும் மொழியைக் கற்றுப் பாடுவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

விடுமுறையில் பிள்ளைகளோடு பயணம் புறப்படும் நாம் கோபுரங்களை நிமிர்ந்து பார்க்கிறோம். சற்றே குனிந்து அடித்தளத்தையும் பார்ப்போம். இக்கல் எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து வந்தது எனப் பிள்ளைகள் வினவினால் உள்ளதை உள்ளபடி சொல்வோம். நம் ஆலயங்களைக் குறித்தும் அவ்வாறே சொல்வோம். அதனால் விசுவாசத்துக்கு இழுக்கு நேராது. உண்மைக்கு அஞ்சினால்தான் நேரும்.