ஆந்தையின் சிறகு

ஆகாய விமானம் இரைந்தால் எஞ்சினைத்தான் எல்லோரும் குற்றம் சொல்லுகிறோம். சிறகின்மேல் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஆனால் அதன் சரித்திரத்தைப் படித்தால் சிறகும் லேசுப்பட்டதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

1878-ல் ஸ்ட்ரூஹால் என்ற செக் விஞ்ஞானி ஒரு கம்பியைக் காற்றில் சுழற்றிப் பார்த்தார். கம்பியை முறுக்கினாலும் தளர்த்தினாலும் சுருதி மாறவில்லை. வேகத்தையோ பருமனையோ மாற்றினால் மாறியது. பாடியது கம்பியல்ல, அதன் பின்னே சுழித்தோடிய காற்றுதான் என்பது பிறகு வந்தவர்களுக்கு விளங்கிற்று.

1952-ல் மான்செஸ்டர் பேராசிரியர் லைட்ஹில், அப்போது அவருக்கு வயது 28, ஒரு கணக்கைப் பிரசுரித்தார். ஜெட் எஞ்சின் கக்கும் காற்றின் ஓசை, வேகத்தின் எட்டாம் படியாக ஏறும். வேகம் இரட்டித்தால் ஓசையின் சக்தி 256 மடங்கு! அதே ஆண்டு மே மாதம் லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு ஜெட் விமானம் பிரயாணிகளைச் சுமந்து கிளம்பியது. வரவர, விமான நிலையங்களை அடுத்துக் குடியிருந்தவர்களின் தூக்கம் போயிற்று.

எஞ்சின் விடும் காற்றின் வேகத்தைப் பின்னால் குறைத்தார்கள். எஞ்சின் அடங்க அடங்க, தரையிறங்கும் விமானத்தில் சிறகின் குரல் தனியே கேட்கத் தொடங்கியது. கொந்தளிக்கும் காற்றுச் சுழிகள் சிறகின் கூரிய பின் ஓரத்தைத் தாண்டும்போது எழும் ஓசை அது. அது ஐந்தாம் படியாக ஏறும் என்று 1970-ல் ஃபௌக்ஸ் வில்லியம்ஸும் ஹாலும் காட்டினார்கள். எட்டைவிட ஐந்து சிறியதுதானே என்று நாம் ஆறுதல் அடையலாம். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஜெட்டின் ஓசை 256-ல் ஒரு பங்காகிவிடும். சிறகின் ஓசையோ 32-ல் ஒரு பங்குக்குக் கீழே இறங்காது. மெதுவாகப் போனாலும் விடாது.

இந்த வித்தையில் ஆந்தை நமக்கு மூத்தது. அதன் சிறகின் முன் ஓரத்தில் சீப்புப் பற்கள், பின் ஓரத்தில் மெல்லிய குஞ்சம், மேலே வெல்வெட்டுப் போன்ற மென்மயிர் ஆகிய மூன்றையும் 1934-லேயே கிரஹாம் என்பவர் எடுத்துக் காட்டினார். இன்று காற்றாலைச் சிறகுகளின் பின் ஓரத்தில் ரம்பப் பல் வைக்கிறார்கள், அக்கம்பக்கத்தார் தூங்கட்டும் என்று.

ஒரு விஷயம் மட்டும் என் மனத்தில் தங்கிவிட்டது. மீன் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கு இந்தச் சீப்பும் குஞ்சமும் இல்லை. நீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகோசை எங்கே கேட்கப்போகிறது? கேட்கும் காது எதிரில் இருந்தால்தான் சிறகும் அடக்கம் கற்றுக்கொள்கிறது. விமானம் கட்டுகிறவர்களும் அப்படித்தான்: கீழே இருக்கிறவர்கள் முறையிட்ட பிறகே சிறகை உற்றுக் கேட்டார்கள்.