தமிழ்நாட்டின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்கள்

தமிழ்நாட்டில் சட்டப்படி பாதுகாக்கப்படும் வரலாற்றுச் சின்னங்கள் இரண்டு துறைகளின் பொறுப்பில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், செஞ்சிக்கோட்டை, சித்தன்னவாசல் என 400-க்கும் மேற்பட்டவை இந்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளன. அவற்றுக்கு 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் காவல். மதுரை திருமலை நாயக்கர் மகால், தரங்கம்பாடி டேனியக் கோட்டை போன்றவை 1961-இல் தோன்றிய மாநிலத் தொல்லியல் துறையிடம் உள்ளன. அவற்றுக்கு 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் பொருந்தும்.

இப்படிச் சட்டம் போட்டுக் காக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்க்க வேண்டும். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, ராஜேந்திர சோழன் எடுப்பித்த அந்தக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊர்மக்கள் மறித்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் எழுப்பித் தருவதாக அதிகாரிகள் வாக்கு வேறு கொடுத்தார்கள். அதே கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

மத்தியச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தம் கடுமையானது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெரிய கோயிலுக்குப் பார்வையாளர் கூட்டமே பாதிக் காவல். ஆளரவமற்ற குன்றுகளுக்குத்தான் சட்டத்தின் துணை அதிகம் தேவை. மதுரைக்கு அருகே மீனாட்சிபுரத்தில் உள்ள மாங்குளம் குகைத்தளம் அப்படிப்பட்டது. மழைநீர் உள்ளே வழியாதபடி கூரைப்பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். கீழே, வழவழவென்று தேய்த்த கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோலச் சற்றே மேடு. பாறையில் உள்ள தமிழி எழுத்துகள், பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணிநந்தன் என்ற சமணத் துறவிக்கு இந்தப் பள்ளியை அமைத்துக் கொடுத்த செய்தியைச் சொல்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை. இந்த எழுத்துகளை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டெடுத்தார். இவற்றின் மொழி தமிழ்தான் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். பாண்டியன் ஒருவனின் பெயர் கல்லில் அப்படியே நிற்கும் இடத்துக்கு முன்னால் நிற்பது சாதாரண அனுபவம் அன்று.

மாங்குளத்தை ஒட்டிய மேலூர் வட்டாரம் கிரானைட்டுக்குப் பேர்போனது. வெடிவைத்துப் பிளந்த பல குன்றுகள் இங்கே பள்ளங்களாகிவிட்டன. 2022-இல் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஆனாலும் இந்தச் சுற்றுவட்டாரம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதாக 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரி 7 அன்று சுரங்கத்தை எதிர்த்து ஊர் ஊராகத் திரண்ட மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அடுத்த பதினாறாம் நாள், ஜனவரி 23 அன்று, ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.