தாத்தாவின் ஜவ்வரிசிக் கஞ்சி

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வழியில் சிமென்ட் களங்களில் வெள்ளை வெளேரென்று எதையோ காயப்போட்டிருப்பார்கள். உப்பு இல்லை ஸார், ஜவ்வரிசி!

அதை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர்! அதுவரை மலேயா, சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த சரக்கு அது. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழ, வரத்து நின்றது. 'நம்ம குச்சிக் கிழங்குல செஞ்சு பார்த்தா என்ன?' என்று 1943 வாக்கில் துணிந்து இறங்கினார் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார். மலேயா அனுபவம் உள்ள போபட்லால் ஷா கைகொடுத்தார். கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, அடியில் தங்கிய மாவைத் துணியில் போட்டு ஆட்டினால்... முத்து முத்தாக உருண்டது! 1981-ல் 'சேகோசர்வ்' என்று கூட்டுறவு சங்கமே வந்துவிட்டது.

கம்பும் சோளமும் ராகியும் தின்ற புஞ்சைச் சீமை இது. அங்கே காய்ச்சல்காரருக்கும் பல் போன தாத்தாவுக்கும் ஜவ்வரிசிக் கஞ்சி வந்து சேர்ந்தது. லேசான ஆகாரமாம். லேசுதான்... நார் இல்லை, புரதம் இல்லை, ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. சீக்கிரமே சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறிவிடும். (பழியை அதன்மேல் மட்டும் போடாதீர்கள். பட்டை தீட்டிய வெள்ளை அரிசியும் கூட்டாளிதான்!)

சர்க்கரை நோய் கண்ணையும் கிட்னியையும் கெடுக்கும், தெரியும். மூளையை? ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் 6,370 முதியவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 1999-ல் வந்தது முடிவு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

அப்படியானால் கஞ்சியை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால்? அதுவும் வினைதான். சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். மூளைக்கு அன்றாடத் தீனியே சர்க்கரைதானே! கலிஃபோர்னியாவில் 16,667 பேரை ஆராய்ந்து 2009-ல் சொன்னார்கள்... அப்படிச் சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் அதிகம் வந்திருக்கிறது. இது காரணமா, முன் அறிகுறியா என்ற வாதம் ஓயவில்லை.

வாதம் இருக்கட்டும். தாத்தாவுக்குத் திடீரென்று வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேரனைப் பார்த்து 'நீ யாரு?' என்கிறார். 'வயசாச்சுல்ல, புத்தி தடுமாறுது' என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா என்று பாருங்கள். நினைவிருந்து விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணி. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரி. சர்க்கரை இறங்கியதுதான் காரணம் என்றால், பெரும்பாலும் கால் மணி நேரத்தில் அவரே கேட்பார்... 'எப்படா வந்தே?'