தவக்காலம்: நோன்பும் பசியும்



ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரங்கள் இலை உதிர்க்கும் காலம் அது. நிரை நிரையாக நிற்கும் மரங்கள் மொட்டையாகிவிடும். காலடியில் சருகு நொறுங்கும். புதுத்துளிர் விட்டு இலை முற்றும் வரையில் மங்கில் இறங்கும் பால் குறைவு. பால் குறைந்தால் சம்பளமும் குறையும். மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் தொகை ஏறிக்கொண்டே போகும். இன்று நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் லாபு, ரந்தாவ், லிங்கி, பஹாவ் வட்டாரங்களில் பால் வெட்டிய குடும்பங்கள் அந்த மாதங்களை எளிதில் மறக்கமாட்டா.

அதே மாதங்களில்தான் லயத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாற்பது நாள் நோன்பைத் தொடங்குகின்றன. ஏற்கெனவே அடுப்பில் உலை சிறுத்துவிட்ட வீட்டில் நோன்பு எதற்கு? பசித்திருப்பவனைப் பார்த்து இன்னும் பசித்திரு என்றா சமயம் சொல்கிறது? இந்தக் கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதை இன்று காண்போம்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். கத்தோலிக்கர் இதைத் தவக்காலம் என்கிறார்கள். பழைய வழக்கில் தபசு காலம் என்பார்கள். லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபையினர் லெந்து நாட்கள் என்பது வழக்கம். லெந்து என்பது ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு இளவேனில் என்று பொருள். குளிர் நாடுகளில் பகல்பொழுது நீளத் தொடங்கும் பருவம் அது. அங்கே மரம் துளிர்க்கும் காலத்துப் பெயர், இங்கே இலை உதிர்க்கும் காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த நோன்பின் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது ஏன்? இயேசுநாதர் உயிர்த்தெழுந்த திருநாள் சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஈஸ்டர். ஆகையால் அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். அதற்கு 46 நாள் முன்னதாக, ஒரு புதன்கிழமை நோன்பு தொடங்குகிறது. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளுக்கு நோன்பு இல்லை. அவற்றைக் கழித்தால் எஞ்சுவது நாற்பது. இயேசுநாதர் பாலைவனத்தில் நாற்பது நாள் உண்ணாதிருந்தார் என்ற நற்செய்திச் செய்தியை ஒட்டி வந்த எண் இது. கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் தீர்மானம் ஒன்றில், நாற்பது நாள் என்ற பெயர் வழக்கத்தில் இருந்ததைக் காண்கிறோம்.

பாலைவனத்தில் என்ன நடந்தது? பசியால் வாடிய இயேசுவிடம் சோதனைக்காரன் வந்து, இந்தக் கற்களை அப்பமாக்கிக்கொள் என்கிறான். அவர் மறுத்துவிடுகிறார். மனிதன் வாழ அப்பம் மட்டும் போதாது என்பது அவருடைய விடை. இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் பார்த்தால், பசியைப் பொறுத்துக்கொள்வதுதான் பெரிய தர்மம் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதே சுவிசேஷங்களை மேலும் புரட்டினால் வேறொரு காட்சி தெரிகிறது. ஆயிரக்கணக்கான மக்கள் பசியோடு நின்றபோது, அவர்களை அனுப்பிவிடலாம் என்று சீடர்கள் சொன்னார்கள். நீங்களே உணவு கொடுங்கள் என்றார் இயேசு. சீடர்கள் ஓய்வுநாளில் பசியால் கதிர் கொய்து தின்றபோது, சட்டம் மீறப்பட்டது என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். அவர் பசித்தவர்களின் பக்கம் நின்று வாதாடினார். தமக்கு வந்த பசியை அவர் பொறுத்தார். பிறர் பசியைப் பொறுக்கும்படி அவர் யாருக்கும் உபதேசிக்கவில்லை. நோன்பிருக்கும்போது முகத்தை வாட விடாதே, முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசிக்கொள் என்றும் சொன்னார். நோன்பு ஊருக்குக் காட்டும் காட்சி அல்ல என்பதே அதன் கருத்து.

அவர் சொன்ன உவமைகளில் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. ஒரு திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாள் கூலி பேசி ஆள் எடுக்கிறார். நம் பெரட்டுக்களம் நினைவுக்கு வருகிறது அல்லவா? பிறகு ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் போய் ஆள் எடுக்கிறார். சாயங்காலம் எல்லாருக்கும் முழு நாள் கூலியே கொடுக்கிறார். காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுடைய முணுமுணுப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்து மணி வரை நின்றவன் சோம்பேறியாக நிற்கவில்லை. அவனை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. அவன் வீட்டிலும் அன்றைக்கு ஒரு நாள் சாப்பாடு வேண்டும். கூலி என்பது வேலையின் அளவை மட்டுமல்ல, வயிற்றையும் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கதை உணர்த்துகிறது.

இனி, நோன்பு எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பர்' என்ற நூல் ஒரு எளிய கணக்கைச் சொல்கிறது. நோன்பு நாளில் நீ உண்ணாத உணவின் விலையைக் கணக்கிட்டு, அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடு என்கிறது. அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்டிடீஸ் என்ற அறிஞர், கிறிஸ்தவர்களைப் பற்றி ரோமப் பேரரசருக்கு எழுதினார். தங்களுக்குள் ஓர் ஏழை இருந்து, அவனுக்குக் கொடுக்க மிச்சம் இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் தாங்கள் நோன்பிருந்து அவனுக்கு உணவளிப்பார்கள் என்று அதில் குறிப்பிட்டார். ஆக, தொடக்கத்தில் நோன்பின் மறுபாதி பக்கத்து வீட்டு அடுப்பில் இருந்தது.

பிற்காலத்தில் ஐரோப்பாவில் இது கடுமையான சட்டமாயிற்று. நாளுக்கு ஒரே வேளை உணவு. இறைச்சி கூடாது, பல இடங்களில் முட்டையும் பாலும்கூட விலக்கப்பட்டன. ஈஸ்டர் நாளில் முட்டை பரிமாறும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் சட்டம் எழுதியவர்கள் உழைப்பாளியை மறந்துவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ் என்ற பெரும் இறையியலாளர், ஒரு வேளைக்கு வேண்டிய உணவு ஒருசேரக் கிடைக்காமல் சிறுகச் சிறுக இரந்து உண்ணும் ஏழைக்கு நோன்புச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்று கருதினார். கடும் உடலுழைப்புச் செய்பவர்களுக்கும் கத்தோலிக்கத் திருச்சபையில் நெடுங்காலமாக விலக்கு இருந்துவந்தது. 1966 பிப்ரவரி 17-ஆம் நாள் போப்பாண்டவர் ஆறாம் பவுல் சட்டத்தை இன்னும் எளிதாக்கினார். கட்டாய நோன்பு திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களோடு நின்றது. வசதி படைத்த நாட்டார் தங்களைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். வறிய நாட்டார் சமூக நீதிக்காகத் தம்மால் இயன்றதைச் செய்துகொண்டே, தங்கள் துன்பத்தைப் பிரார்த்தனையாக ஒப்புக்கொடுக்கலாம் என்று அந்த ஆணை வேறுபடுத்திக் காட்டியது. பசியும் நோன்பும் ஒன்றல்ல என்பது இவ்வாறு ஏட்டிலும் ஏறியது.

இந்த வழக்கம் தமிழரிடம் வந்த கதை தனியானது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1578-இல் அன்றிக் அன்றிக்கஸ் அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழில் அச்சேறியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், 1714-இல் நான்கு சுவிசேஷங்களையும் தமிழில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். ஆனால் எழுத்தறியாத மக்களிடம் இயேசுவின் பாடுகள் பெரும்பாலும் காது வழியாகவே சென்றன. இலங்கையில் டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கோவாவிலிருந்து 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் 'வியாகுலப் பிரசங்கம்' யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலத்தில் ஒப்பாரி போன்ற இராகத்தில் வாசிக்கப்படுகிறது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு அழுதார்கள். இறந்த மகனுக்காகத் தாய் அழும் அழுகை தமிழ்ப் பெண்ணுக்குப் புதியதா என்ன?

சொற்களும் அப்படியே நம்முடையவை ஆயின. நெற்றியில் சாம்பல் பூசும் நாளுக்குத் திருநீற்றுப் புதன் என்று பெயர். திருநீறு என்ற சொல்லைக் கேட்டால் பக்கத்து வீட்டுச் சைவருக்கும் அதன் பொருள் விளங்கும்: உடம்பு நிலையாதது. இயேசுவை வரவேற்ற பேரீச்ச ஓலை, தமிழில் குருத்தோலை ஆயிற்று. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் அதே தென்னங்குருத்துத்தான் குருத்தோலை ஞாயிறன்று கிறிஸ்தவர் கையிலும் இருக்கிறது.

தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியே மலாயாவுக்கு வந்த மக்களோடு இவையெல்லாம் கப்பலேறின. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் இவை ஒலித்தன. பெரிய வெள்ளி சபாவிலும் சரவாக்கிலும் பொது விடுமுறை. இங்கே அன்று வேலைநாள். ஆயினும் இயேசு உயிர்விட்டதாகச் சுவிசேஷம் சொல்லும் நேரம் பிற்பகல் மூன்று மணி. விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்துக்குப் போன பால்வெட்டுத் தொழிலாளி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, அந்த மூன்று மணி ஆராதனைக்குப் போக முடியும். பழைய நாளில் கத்தோலிக்கக் கோயில்களில் திருச்சடங்கு லத்தீனில் நடந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழிவிட்ட பிறகு, தமிழ் பீடம் வரை சென்றது.

நேயர்களே, பசியும் நோன்பும் ஒன்றல்ல என்பதை இந்த மாநிலத்து மண் ஒருமுறை கண்ணெதிரே கண்டது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களில் அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக்கிழங்கே உணவு. தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், பலர் திரும்பவில்லை. சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில், வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீரேனே ஊர்ச் சீமோனைப் படைவீரர்கள் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள் என்று வருகிறது. வேலைக்குப் போன மனிதனை வழியில் பிடித்துக்கொண்டு போவது என்றால் என்ன என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே போர்க்காலத்தில், சிங்கப்பூரில் உணவு பற்றாமல், யூரேசியரும் சீனருமான கத்தோலிக்கர் பெருந்தொகையினர் பஹாவ் காட்டுப் பகுதியில் குடியேற்றப்பட்டனர். காடு திருத்திப் பயிர் செய்து பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டணத்தில் வாழ்ந்தவர்களுக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. நிலமும் வளமற்றது. மலேரியாவாலும் பசியாலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். அவர்களுடன் வந்து தங்கியவர் மலாக்கா மேற்றிராணியார் அட்ரியன் டெவால்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர். மண்வெட்டியால் காலில் ஏற்பட்ட காயம் இரணஜன்னியாகி, 1945 ஜனவரியில் அவர் இறந்தார். பிப்ரவரி 14-ஆம் நாள் திருநீற்றுப் புதன் வந்தபோது அந்த மக்களுக்கு மேய்ப்பர் இல்லை. அவர்கள் பட்டினி நோன்பல்ல, அது திணிக்கப்பட்டது. அந்தப் பசியின் நடுவே போய் இருப்பதை அவர் விரும்பி ஏற்றார்.

போருக்குப் பின் தோட்ட மக்கள் கூலிக்காகக் கூடிப் பேசக் கற்றார்கள். 1954-இல் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றினார். திணிக்கப்பட்ட பசியை நீக்குவது உரிமைப் போராட்டத்தின் வேலை. விரும்பி ஏற்கும் நோன்பு வேறு. அது பகிர்வின் வேலை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களிடம் பிடி அரிசி என்றொரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததும் அது காணிக்கையாகவோ இல்லாதவர் வீட்டுக்கோ போகும். ஹெர்மாவின் நூலை அவர்கள் படித்ததில்லை. ஆனால் அது சொன்ன கணக்கை அடுப்படியிலேயே போட்டுவிட்டார்கள். இந்துக்களின் விரதத்திலும் அன்னதானம் உண்டு; முஸ்லிம்களின் ரமலானிலும் ஏழைகளுக்குரிய தானியப் பங்கு உண்டு. மரம் இலை உதிர்க்கும் மாதத்தில், எந்தக் கோயிலுக்குப் போகும் குடும்பமானாலும், பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதற்கு மதம் தடையாக நிற்கப் போவதில்லை.