பழைய இதழ்த் தொகுதிகளும் ஒரு கல்லூரி நூலகமும்

மொழி வரலாற்றை ஆராய்வோர்க்கு நூலினும் இதழ் உறுதியான சான்றாகும். நூல் மறுபதிப்புக் காணும்போது அதன் எழுத்துமுறையைப் பதிப்பாசிரியர் தம் காலத்திற்கேற்பத் திருத்திவிடுவதுண்டு. இதழோ பெரும்பாலும் மறுபதிப்புக் காண்பதில்லை. திங்களும் ஆண்டும் தாங்கி, அச்சான கோலத்திலேயே நிற்கிறது.

மலையாளத்தில் சொல்லிறுதிக் குற்றியலுகரம் எழுதப்பட்ட வரலாறு இதனை விளக்கும். 19ஆம் நூற்றாண்டு அச்சில் ‘வீடு’ என்னும் சொல்லை வடகேரளத்தார் ‘வீட’ என அகர ஈறாகவும், தென்கேரளத்தார் உகர ஈறாகவும் எழுதினர். சந்திரக்கலை எனப்படும் பிறைக்குறி பின்னரே பொதுவழக்காயிற்று. அம்மாற்றம் எவ்வட்டாரத்தில் எவ்வாண்டில் நேர்ந்தது என்பதை இலக்கண நூல்களைக் கொண்டு மட்டும் அறுதியிட இயலாது. இடையறாத இதழ் வரிசை வேண்டும்.

அவ்வரிசை, இதழ் தோன்றிய ஊரில் கிடைப்பது அரிது. ஹெர்மன் குண்டர்ட் 1847இல் தலச்சேரியை அடுத்த இல்லிக்குன்றிலிருந்து கல்லச்சில் வெளியிட்ட ‘ராஜ்யசமாசாரம்’, ‘பச்சிமோதயம்’ ஆகியவற்றின் படிகளை ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகம் காத்துவந்தது.

பெங்களூருவின் தர்மாராம் கல்லூரி இவ்வகையில் கருதத்தக்கது. சங்ஙனாசேரியை அடுத்த செத்திப்புழையில் இருந்த சி.எம்.ஐ. துறவற சபையின் குருத்துவக் கல்லூரி 1957இல் இங்கு இடம்பெயர்ந்தது. 1846இல் மன்னானத்தில் அச்சகம் நிறுவிய சபை இது. மலையாள இதழ்கள் கன்னட நாட்டு நூலகமொன்றில் சேர்ந்திருப்பதில், ஆதலின், வியப்பில்லை.

நூலகப் பட்டியல்கள் பொதுவாக இதழின் பெயரை மட்டுமே தரும். எத்தொகுதியில் எவ்விதழ் குறைகிறது என்பது அடுக்கின்முன் நின்று ஏடு புரட்டினாலன்றித் தெரியாது. நூல் கட்டுவோர் மேலட்டைகளைக் களைந்துவிட, நாள் குறித்த தாளே மறைந்துபோவதும் உண்டு. ஆய்வாளர்க்கு இதனினும் பெரிய இழப்பு இல்லை.

அண்மைக் காலத்தில், பெங்களூருவைச் சேர்ந்த இண்டிக் டிஜிட்டல் ஆர்க்கைவ் ஃபவுண்டேஷன் இந்நூலகத்தின் மலையாள நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி இணையத்தில் வெளியிட்டுள்ளது. தமிழில் கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டியவை, அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றமையை இங்கு ஒப்புநோக்கலாம்.

எனினும் மங்கிய தாளின் மின்படியில் பிறைக்குறியையும் மைத்துளியையும் வேறுபடுத்தல் எளிதன்று. அத்தகைய இடங்களில் மூலத் தொகுதியையே கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டியுள்ளது.