பழைய கணினிகளுக்கு மறுவாழ்வு: தமிழ்நாட்டில் கட்டற்ற இயங்குதளங்களின் வரலாறு

வன்பொருள் நல்ல நிலையில் இருக்கும்போதே, அதில் இயங்கும் மென்பொருளுக்கான ஆதரவு நின்றுபோவதால் ஒரு கணினி மூலையில் ஒதுக்கப்படுவது உலகெங்கும் நடப்பதுதான். அப்படி ஒதுக்கப்பட்ட கணினிகளில் லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களை நிறுவி மீண்டும் பயன்படுத்தும் முயற்சிகள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடந்து வருகின்றன. தனி ஆர்வலர்கள் தொடங்கிய இம்முயற்சி 2014ஆம் ஆண்டில் அரசின் அறிவுறுத்தலாகவே வெளிவந்தது. அது எந்த அளவுக்கு வென்றது, எங்கே தடைபட்டது என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி.

கணினி ஏன் பழையதாகிறது?

ஒரு கணினி பழுதாவது வேறு, பழையதாவது வேறு. மின்வழங்கி எரிந்துபோனால் அது பழுது. மாற்றிவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காத உதிரிப் பாகம் குறைவு. ஆனால் எல்லாப் பாகங்களும் சரியாக இருந்தும் கணினி மெதுவாகிக்கொண்டே போகிறதென்றால், பெரும்பாலும் மாறியது கணினி அல்ல, அதன்மேல் ஏற்றப்படும் மென்பொருளின் எடைதான்.

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி 128 எம்பி நினைவகத்தில் இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7க்குக் குறைந்தது 1 ஜிபி தேவைப்பட்டது. அதாவது எட்டு ஆண்டுகளில் எட்டு மடங்கு. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பதோ 4 ஜிபி. அத்துடன் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பட்டியலிட்ட செயலிகளுள் ஒன்றும் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கடிதம் தட்டச்சு செய்வதோ கணக்கு எழுதுவதோ அந்த அளவுக்குக் கடினமாகிவிடவில்லை.

386இல் பிறந்த லினக்ஸ்

லினக்ஸ் கருனியே ஒரு மாணவரின் வீட்டுக் கணினியில் பிறந்ததுதான். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வாங்கிய 386 கணினியில் அதை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் இயங்குதளத்துக்கு வேண்டிய மற்ற பாகங்களை உருவாக்கி வந்தது. 1992இல் லினக்ஸ் குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் படியெடுக்கலாம், மாற்றலாம், தேவையற்ற பகுதிகளை வெட்டி எறிந்து சிறிய கணினிக்கு ஏற்றபடி தைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. பழைய கணினிகளுக்கு மறுவாழ்வு தர வழி திறந்தது இந்த உரிமம்தான். விலை இல்லை என்பது அடுத்த காரணம்தான். நிறுவனம் கைவிட்ட பதிப்பை வேறொருவர் எடுத்துத் தொடரச் சட்டம் இடம் தருகிறது என்பதே முதல் காரணம்.

இந்தியாவில் லினக்ஸ் பரவலாகக் கைக்குக் கிடைத்தது 1996இல், பிசி குவெஸ்ட் இதழுடன் குறுவட்டாக. தொலைபேசி வழி இணையத்தில் நூற்றுக்கணக்கான எம்பி தரவிறக்குவது நடவாத காரியம் என்பதால், இதழோடு வந்த குறுவட்டு பலருக்கு முதல் அறிமுகமாக அமைந்தது. 1990களின் இறுதியில் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு கூடத் தொடங்கியது. அதே காலத்தில், வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் கேடிஇ முதலிய திரைச்சூழல்களைத் தமிழாக்கும் பணியில் இறங்கினர். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், நிறுவல் முதல் நிரலாக்கம் வரை தமிழிலேயே எழுதிப் பகிர்ந்தது. கட்டளை வரியைக் கண்டு மிரண்டு நின்ற மாவட்ட ஊர் மாணவர்களுக்கு அது பெரிய துணை.

எல்காட்டும் பாஸ் லினக்சும்

அரசு அளவிலான முதல் பெரிய நகர்வு எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தில் நிகழ்ந்தது. சி. உமாசங்கர் அதன் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2006–2007இல், அந்நிறுவனம் தன் சொந்தக் கணினிகளை சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றியது. தான் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிறருக்குச் சொன்ன நிறுவனம் என்ற வகையில் இது அரிய எடுத்துக்காட்டு.

ஏறக்குறைய அதே நேரத்தில் மைய அரசின் பக்கமிருந்து பாஸ் லினக்ஸ் வந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் அதில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருந்தன. பள்ளிகளுக்கென எஜுபாஸ் என்ற தனிப்பதிப்பும் வந்தது.

அண்டை மாநிலமான கேரளம் இதே காலத்தில் வேறு பாதையில் சென்றது. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பள்ளிகளுக்கெனத் தனி இயங்குதளத்தையும் தயாரித்தது. தமிழ்நாட்டில் மென்பொருள் முன்னே வந்தது, பயிற்சி பின்தங்கியது. இந்த வேறுபாடு பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

2014 ஏப்ரல் 8

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வரா. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் எக்ஸ்பி இயங்கிய கணினிகள் ஏராளம். அவற்றுள் பல, விண்டோஸ் 7ஐத் தாங்கும் வலுவற்றவை. அரசின் முன் மூன்று வழிகள் இருந்தன: புதிய கணினிகள் வாங்குவது, ஆபத்தை ஏற்று எக்ஸ்பியிலேயே தொடர்வது, அல்லது இருக்கும் கணினியில் வேறு இயங்குதளத்தை நிறுவுவது. கெடு நெருங்கிய நிலையில் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை, பாஸ் லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளங்களுக்கு மாறும்படி எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியது. இந்தியச் செய்தித்தாள்களில் மட்டுமன்றி வெளிநாட்டுத் தொழில்நுட்ப ஏடுகளிலும் இது செய்தியானது.

ஆனால் அறிவுறுத்தல் வேறு, அலுவலக மேசை வேறு. முதல் தடை எழுத்துரு. வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் ஆண்டுக்கணக்கில் குவிந்திருந்தன. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றிருந்தபோதும், அந்தப் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தெரியும். கோப்பு தொலைந்துவிட்டது என்றே ஊழியர் நினைப்பார்.

இரண்டாவது தடை அச்சுப்பொறி. அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பரவலாகக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 லினக்சில் இயங்க, நிறுவனத்தின் தனி இயக்கி தேவை. அதை நிறுவுவது புதியவருக்கு எளிதன்று. மூன்றாவது தடை, விண்டோசில் மட்டுமே இயங்கும்படி எழுதப்பட்ட மென்பொருட்கள். கடைக்காரருக்கு டேலி இயங்காத கணினி எவ்வளவு வேகமானது என்பதில் அக்கறை இல்லை. இந்த மூன்றும் சேர்ந்துதான் மாற்றத்தைப் பாதியில் நிறுத்தின. லினக்சின் தரம் இங்கே கேள்விக்குரியதாகவே இருக்கவில்லை.

விலையில்லா மடிக்கணினிகள்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளின் மாணவர்களுக்கு அவை வழங்கப்பட்டன. நெசவாளர் குடும்பங்கள் வாழும் திண்டுக்கல் நாகல் நகர் போன்ற பகுதிகளில், வீட்டுக்குள் வந்த முதல் கணினியே இதுவாக இருந்த குடும்பங்கள் பல. தொடக்கத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. இயக்கும்போது எது வேண்டுமெனத் தேர்ந்துகொள்ளலாம்.

ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7இன் மிகக் குறைந்த பதிப்பு. திரையின் பின்னணிப் படத்தைக் கூட அதில் மாற்ற முடியாது. 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தையும் அது பயன்படுத்தாது. பெரும்பாலான மாணவர்கள் விண்டோசையே தேர்ந்தனர் என்பதில் வியப்பில்லை. கணினிக் கடைக்காரரும் நண்பரும் அறிந்தது அதைத்தான். இடம் போதவில்லை என்று பாஸ் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்தவர்களும் உண்டு. 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கான ஆதரவும் முடிந்தது. அழிக்கப்பட்ட அந்த லினக்ஸ் பகுதியின் தேவை அப்போதுதான் தெரிந்தது.

எடை குறைந்த வழங்கல்கள்

எல்லா லினக்சும் பழைய கணினிக்குப் பொருந்தாது. 2011இல் வந்த க்னோம் 3 திரைச்சூழல் வலுவான வரைகலைச் சில்லை எதிர்பார்த்தது. அதை ஏற்காதவர்கள் பழைய க்னோம் 2ஐத் தொடர்ந்து மேட்டே என்ற பெயரில் வளர்த்தனர். தைவானில் 2006இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ இன்னும் எளிமையானது. ஆஸ்திரேலியரான பேரி காவ்லர் 2003இல் வெளியிட்ட பப்பி லினக்ஸ் முழுவதும் நினைவகத்திலேயே ஏறி இயங்குவதால், வன்தட்டு கெட்டுப்போன கணினியும் ஒரு யூஎஸ்பி துண்டைக் கொண்டு உயிர்பெறும். டேம் ஸ்மால் லினக்ஸ் 50 எம்பிக்குள் அடங்கியது. இன்று பழைய கணினி வைத்திருப்போர் பெரிதும் நாடுவன ஆன்ட்டிஎக்ஸ், எம்எக்ஸ் லினக்ஸ், லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஆகியவை.

சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி பொருத்துவதே பெரும்பாலான பழைய கணினிகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தரும். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. நினைவகம் குறைவாக இருந்தால் இசட்ரேம் எனப்படும் வசதி, நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்து இடத்தைக் கூட்டித் தரும். இவை அனைத்தையும் செய்தும் மெதுவாகவே இருப்பது உலாவிதான். இன்றைய வலைத்தளங்களின் எடையை எந்த இயங்குதளமும் குறைத்துவிட முடியாது.

எல்லாப் பழைய கணினியையும் காப்பாற்ற வேண்டும் என்பதும் இல்லை. பெண்டியம் 4 செயலி மட்டுமே 80 வாட்டுக்கு மேல் வெப்பம் உமிழக்கூடியது. அதே வேலையைச் சில வாட்டுகளில் ராஸ்பெர்ரி பை செய்துவிடும். நாள் முழுதும் ஓட வேண்டிய இடத்தில் அத்தகைய கணினியை வைத்திருப்பது மின்கட்டணத்துக்குக் கேடு. அதனை, மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே சரி.

32 பிட்டின் அந்திமம்

லினக்ஸ் உலகமும் பழையதை என்றென்றைக்கும் சுமப்பதில்லை. தான் பிறந்த 386 செயலிக்கான ஆதரவையே லினக்ஸ் கருனி 2013இல் வந்த 3.8 பதிப்பில் விட்டுவிட்டது. 2016இல் கூகுள் குரோம் 32 பிட் லினக்சைக் கைவிட்டது. உபுண்டுவும் அதன் கிளைகளும் ஒவ்வொன்றாக விலகின. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை நீக்கியது. டெபியனைச் சார்ந்த எண்ணற்ற வழங்கல்களுக்கு இது பெரிய திருப்பம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11இன் செயலிப் பட்டியலில் இடம் பெறாத கணினிகளை வைத்திருப்போர், 2014இல் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் நின்ற அதே இடத்தில் இப்போது நிற்கின்றனர். 2011இன் விலையில்லா மடிக்கணினிகளோ சற்று விசித்திரமான நிலையில் உள்ளன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் பதிப்பாக மட்டுமே வெளிவந்தது. ஆனால் அக்காலத்து இரட்டைக் கருச் செயலிகள் பெரும்பாலும் 64 பிட் திறன் கொண்டவை. எனவே மின்கலம் செத்து, விசைகள் தேய்ந்து பரணில் கிடக்கும் அவற்றுள் பலவற்றில் டெபியன் 13 இன்றும் நிறுவலாம்.