வாங்குபவரைக் காட்டுவதற்கா, விற்று முடிப்பதற்கா? வீட்டுத் தரகும் எழுதப்படாத ஒப்பந்தமும்

1943ஆம் ஆண்டின் கோடையில் கல்கத்தாவின் சொத்து உரிமையாளர் ஒருவர், தம் சொத்தை விற்றுத் தருமாறு ஒரு தரகருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வங்கம் பஞ்சத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்தச் சிறிய கடிதம், குடியரசு இந்தியாவின் உச்ச நீதிமன்றம் தன் முதல் வாரங்களிலேயே விசாரித்துத் தீர்த்த வழக்குகளுள் ஒன்றுக்கு அடிப்படையாயிற்று.

கடிதத்தின் நிபந்தனைகள் நுட்பமானவை. விலை 1,00,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அந்த விலைக்கு வாங்குபவர் ஒருவரைத் தரகர் பெற்றுத் தந்தால் அவருக்கு 1,000 ரூபாய். விலை 1,05,000 வரை உயர்ந்தால், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகை முழுவதும் தரகருக்கே. அதற்கும் மேலே போனால், கூடுதல் தொகையில் நான்கில் ஒரு பங்கு. இவை யாவும் ஒரு மாதக் கெடுவுக்கு உட்பட்டவை.

கெடு முடிவதற்குள் தரகர் 1,10,000 ரூபாய்க்கு வாங்குபவர்களைக் கண்டுபிடித்தார். கண்டதோடு நில்லாமல், விற்பனையே முடிவாகிவிட்டதாக அவர்களுக்கு ஒப்புதலும் அளித்தார். சில நாட்களில் உரிமையாளர் அவருடைய அதிகாரத்தை ரத்து செய்தார். பின்னர் அதே வாங்குபவர்கள் குறிப்பிட்ட ஒருவர் பெயருக்கு 1,05,000 ரூபாய்க்கு அச்சொத்து கைமாறியது. தரகர் 7,250 ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தார்.

இங்கே சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,10,000 ரூபாய்க்கு விற்றுத் தரகையும் கொடுத்திருந்தால் உரிமையாளர் கையில் நின்றிருப்பது 1,02,750. தரகர் இல்லாமல் 1,05,000 ரூபாய்க்கு விற்றால் அவருக்கு 2,250 கூடுதல். வாங்குபவருக்கு 5,000 மிச்சம். இரண்டையும் கூட்டினால் வருவது 7,250, அதாவது தரகரின் கூலி, ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல். இவ்வழக்கின் தரப்பினர் எந்த நோக்கத்தோடு நடந்தனர் என்பது வேறு விஷயம். ஆனால் வீட்டுத் தரகு என்னும் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இந்தக் கூட்டலுக்குள் முழுமையாக அடங்கியிருக்கிறது. தரகர் விற்பது ஒரு செய்தியை: இன்னார் விற்கிறார், இன்னார் வாங்குகிறார் என்பதை. செய்தி வெளியானவுடன் அதன் விலை மறைந்துவிடுகிறது. அதன்பின் தரகரை விலக்குவதில் மற்ற இருவருக்கும் ஆதாயம் உண்டு.

1950 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்த்தது. விற்பனையைப் பேசி நடத்த அமர்த்தப்பட்டவருக்கு, உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் விற்பனை ஒப்பந்தத்தைத் தாமே செய்து முடிக்கும் அதிகாரம் இல்லை என்பது ஒன்று. இந்த அளவில் தரகர் எல்லை மீறினார். ஆயினும் கடிதம் கூலி கொடுக்க ஒப்புக்கொண்டது வாங்குபவரைப் பெற்றுத் தருவதற்கே. அந்த வேலையை அவர் செய்து முடித்துவிட்டார், ஆகவே கூலிக்கு உரியவர் என்பது மற்றொன்று.

இதன் அருகே 1941இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அளித்த லக்ஸர் எதிர் கூப்பர் தீர்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். திரையரங்குகளை விற்க அமர்த்தப்பட்ட முகவருக்கு, விற்பனை நிறைவேறினால் 10,000 பவுண்டு என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. அவரும் வாங்குபவரைக் கொண்டுவந்தார். உரிமையாளர்களோ விற்காமல் பின்வாங்கினர். முகவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. வாங்குபவரைக் காட்டினால் என்று எழுதுவதற்கும், விற்பனை நிறைவேறினால் என்று எழுதுவதற்கும் இடையிலான தூரம் அவ்வளவு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 219ஆம் பிரிவில், வேறு ஏற்பாடு இல்லாதபோது செயல் நிறைவேறும் வரை முகவருக்குக் கூலி சேராது என்கிறது. எது அந்தச் செயல் என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது காகிதம்.

அமெரிக்கா இச்சிக்கலுக்கு வேறொரு வழி கண்டது. 1908இல் சிகாகோவில் வீட்டுமனை முகவர்களின் தேசியச் சங்கம் தோன்றியது. அந்தத் தொழில் வளர்ந்த போக்கில் மூன்று வகை ஒப்படைப்புகள் நிலைபெற்றன. யார் விற்றாலும், உரிமையாளரே நேரில் விற்றாலும்கூட, குறிப்பிட்ட காலம் வரை அந்த முகவருக்கே கூலி என்பது முதல் வகை. முகவர் ஒருவரே, ஆனால் உரிமையாளர் தாமாக விற்றுக்கொண்டால் கூலி இல்லை என்பது இரண்டாவது. பலரிடமும் சொல்லிவைத்து, முதலில் கொண்டுவருபவருக்குக் கூலி கொடுப்பது மூன்றாவது. முதல் வகை தரகரின் அச்சத்தை நீக்கியது. அதனால்தான் அவர் தம் பட்டியலைச் சக முகவர்களோடு பகிர்ந்துகொள்ளவும் துணிந்தார். பொதுப் பட்டியல் முறை அந்தத் துணிவின் மேல் எழுந்தது. கல்கத்தாக் கடிதத்தில் இருந்ததுபோல் ஒரு தொகைக்கு மேற்பட்டது தரகருக்கு என்னும் ஏற்பாட்டை அமெரிக்க மாநிலங்கள் பல தடைசெய்திருப்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். சந்தை விலையை அறிந்தவர் தரகர்; அறியாத உரிமையாளர் குறைந்த அடிவிலையைச் சொல்லிவிட்டால் நட்டம் முழுவதும் அவருடையது.

இந்தியாவில் தரகு இல்லாமல் இருந்ததில்லை. அரபு மொழியிலிருந்து வந்த தலால் என்னும் சொல் முகலாயர் காலத்துச் சூரத் துறைமுகத்தில் அன்றாட வழக்கு. ஆங்கிலக் கம்பெனிகூடத் தரகர் இல்லாமல் அங்கே துணி கொள்முதல் செய்ய இயலவில்லை. பம்பாயின் பங்குத் தரகர்கள் 1875இலேயே சங்கம் அமைத்து விதி வகுத்துக்கொண்டனர். வீட்டுத் தரகர்களிடம் அத்தகைய ஒழுங்கு வரவில்லை. பங்கு ஒவ்வொன்றும் மற்றொன்றைப் போன்றது, விலை எல்லார் காதிலும் விழுவது, வீடு அப்படியன்று. இதைவிட வலுவான மற்றொரு காரணமும் உண்டு. விடுதலைக்குப் பிந்தைய நகரங்களில் வீட்டு விலையின் ஒரு பகுதி பத்திரத்துக்கு வெளியே கைமாறிற்று. 1986இல் பெருநகரங்களில் குறைத்துக் காட்டப்பட்ட விலைக்கு மைய அரசே சொத்தை வாங்கிக்கொள்ளலாம் என வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது இந்த வழக்கத்தை ஒடுக்கத்தான். உண்மை விலையைப் பத்திரத்தில் எழுதாத ஒருவர், அதையே தரகருக்கான கடிதத்தில் எழுதிக் கையொப்பமிடுவாரா? எழுத்து சான்றாகிவிடும்.

ஆகவே இந்தியத் தரகர் தம்மை வேறு விதமாகக் காத்துக்கொண்டார். வீட்டு எண்ணைச் சொல்லாமல் தெருவை மட்டும் சொன்னார். உரிமையாளரின் பெயரைக் கடைசி வரை மறைத்தார். இரு தரப்பிடமும் ஒன்று, இரண்டு விழுக்காடு என்று கூலி பெற்றார். இரு பக்கமும் கூலி பெறுபவர் விலையை உயர்த்தப் பாடுபடுவாரா, குறைக்கப் பாடுபடுவாரா என்பதை விற்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஒரே வீடு இணையத் தளங்களில் மூன்று தரகர்களால் மூன்று விலைக்குக் காட்டப்படுவது இந்த வாய்மொழி மரபின் புதிய வடிவமே.

எழுத்து வந்த இடத்திலும் அது கோணலாகவே வந்தது. நிலக் குத்தகை நிபந்தனைகளும் முத்திரைத் தீர்வையும் விற்பனையைத் தடுத்த தில்லியில், விற்பவர் பொது அதிகாரப் பத்திரம், விற்பனை உடன்படிக்கை, உயில் என்று மூன்று காகிதங்களைக் கொடுத்துவிட்டு விலகினார். முகவரை அமர்த்த உருவான பத்திரம் அங்கே விற்பனையாகவே வேடமிட்டது. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் இம்முறையால் உரிமை மாறாது என்று தெளிவுபடுத்தும் வரை எண்ணற்ற குடும்பங்கள் அந்தக் காகிதங்களை நம்பி வீடு வாங்கியிருந்தன.

அரியானா 2008இல் சொத்துத் தரகர்கள் உரிமம் பெற வேண்டும் என்று தனிச் சட்டம் இயற்றியது. மைய அரசின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், ரெரா என்று மக்கள் சொல்வது, முகவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் அதன் 9ஆம் பிரிவு பேசுவது பதிவு பெற்ற கட்டுமானத் திட்டங்களில் நடக்கும் விற்பனையைப் பற்றியே. தாத்தா கட்டிய வீட்டை விற்பவரும் அவருடைய தரகரும் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கின்றனர். முகவர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றோ, அதற்குக் கெடு இருக்க வேண்டும் என்றோ, கூலி எப்போது சேரும் என்றோ அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை.